காகிதப்பூ பூக்கவில்லையா? முதலில் தண்ணீரைக் குறையுங்கள்

வணக்கம். மாடித் தொட்டியில் இரண்டு வருஷமாக நிற்கும் காகிதப்பூச் செடி இலையாகத் தள்ளுகிறது, ஒரு பூகூட இல்லை; தினமும் தண்ணீர், வாரம் ஒருமுறை கடலைப்புண்ணாக்குக் கரைசல் கொடுக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். சிக்கலே அந்தக் கவனிப்புதான்.

புண்ணாக்கில் தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகம், அது இலையைத்தான் தள்ளும். இப்போதைக்கு நிறுத்திவிடுங்கள். தண்ணீரையும் தினமும் ஊற்ற வேண்டாம். மேல்மண் காய்ந்தால் மட்டும் போதாது, நுனி இலைகள் லேசாகத் துவளும்வரை பொறுங்கள். அப்புறம் அடித்துளையில் வழியும் அளவுக்கு ஒரே தடவையாக ஊற்றுங்கள். மனசு கேட்காதுதான், நானும் முதல்முறை இரண்டே நாளில் வாளியைத் தூக்கிவிட்டேன். அடுத்த முறை பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று வாரம் அப்படிக் காயப்போட்டதும், நுனியில் முள்ளுக்குப் பக்கத்தில் மிளகு அளவில் சிவப்பாக எட்டிப் பார்த்தது. (அந்தச் சிவப்பு பூவே அல்ல, நிறம் மாறிய இலை. நடுவில் குழல்போல் இருக்கும் குட்டி வெள்ளைதான் பூ.)

வெயில் 6 மணி நேரமாவது நேரடியாக விழ வேண்டும். சுவர் நிழலில் இருந்தால் தொட்டியை நகர்த்துங்கள். புதுத் தளிரில்தான் பூக்கும் என்பதால் நீண்ட கொம்புகளை மூன்றில் ஒரு பங்கு வெட்டலாம்.

பெரிய தொட்டிக்கு மாற்றலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். வேர் நெருக்கமாக இருந்தால்தான் இது நன்றாகப் பூக்கும், அதோடு வேர் அசைந்தால் செடி வாடிவிடும்.