பள்ளியில் நெட் இல்லாத அறிவியல் ஆசிரியருக்கு இணையத்தில் இலவசமாக என்ன தேறும்?

நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறீர்கள், தமிழில் ஏதாவது இலவசமாகக் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொட்டிக் கிடக்கிறது, அதுதான் சிக்கலே. வாட்ஸ்அப் குழுக்களில் வந்து விழும் பிடிஎஃப்களையெல்லாம் சேர்த்தால் போன் மெமரிதான் நிரம்பும். நான் ஒன்றை மட்டும் பார்ப்பேன்: வீட்டில் இறக்கிக்கொண்டு போய், டவரே எடுக்காத வகுப்பறையில் பயன்படுத்த முடியுமா? அப்படித் தேறுபவை கொஞ்சம்தான்.

முதலில் ஃபெட் (PhET), திரையிலேயே அறிவியல் சோதனை செய்து பார்க்கும் தளம். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன், அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002இல் தொடங்கியது. மின்சுற்றுப் பாடத்துக்கு இதற்கு ஈடாக வேறொன்றை நான் பார்த்ததில்லை. பேட்டரி, ஒயர், பல்பு மூன்றையும் திரையில் இழுத்து இணைத்தால் பல்பு எரியும். ஒயருக்குள் எலக்ட்ரான்கள் நீல உருண்டைகளாக நகர்வது தெரியும். பல்பை எடுத்துவிட்டு வெறும் ஒயரை பேட்டரியின் இரு முனைக்கும் கொடுத்தால் குப்பென்று தீப்பிடிக்கும். குறுக்குச்சுற்று என்றால் என்ன என்று அப்புறம் தனியாக விளக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் வேண்டுமென்றே திரும்பத் திரும்பக் கொளுத்துவார்கள், விட்டுவிடுங்கள். ஒவ்வொரு சோதனையும் ஒரே கோப்பாக இறங்கும், நெட் இல்லாமலே பிரவுசரில் திறக்கும். சிலவற்றுக்குத் தமிழ்ப் பதிப்பும் உண்டு.

கணினியே இல்லையா? அரவிந்த் குப்தாவின் தளத்துக்குப் போங்கள். ஐஐடி கான்பூரில் படித்துவிட்டு, குப்பையில் போகும் பொருள்களில் அறிவியல் பொம்மை செய்யக் கிளம்பிய மனிதர். 2018இல் பத்மஸ்ரீ வாங்கினார். தீக்குச்சிகளைச் சைக்கிள் வால்வ் டியூப் துண்டுகளால் இணைத்து அவர் செய்யும் வடிவங்களைப் பாருங்கள். முக்கோணத்தை அழுத்தினால் அசையாது, சதுரம் சாய்ந்துவிடும். பாலத்திலும் மின்கோபுரத்திலும் ஏன் இத்தனை முக்கோணங்கள் என்று பிள்ளைகளே கேட்பார்கள். வீடியோக்கள் சிறியவை, பலவற்றைத் தமிழிலும் கேட்கலாம்.

வாசிப்புக்கு, பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் என்ற சிறுவர் கதைத் தளம். கதைகளை வாசிப்பு நிலை வாரியாகப் பிரித்திருக்கிறார்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் என்பதால் யாரிடமும் கேட்காமல் அச்சடித்துக் கொடுக்கலாம். சில தமிழாக்கங்கள் கொஞ்சம் விறைப்பாக இருக்கும், முதலில் நீங்கள் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

பாடப்புத்தகத்தின் க்யூஆர் குறியீட்டில் வரும் வீடியோக்கள் திருப்புதலுக்குச் சரி. புதிதாகப் பாடம் தொடங்க எனக்கு ஒத்துவரவில்லை.

அப்புறம், தேடும்போது பாடத் தலைப்பைப் போடாதீர்கள். கோச்சிங் சென்டர்களின் வினா விடைதான் வரிசையாக வரும். வகுப்பில் செய்துகாட்ட நினைப்பதைப் போடுங்கள். 'காந்தவியல் ஆறாம் வகுப்பு' என்பதற்குப் பதிலாக 'ஊசியைக் காந்தமாக்குவது எப்படி' என்று கேட்டால் வகுப்புக்கு ஆகிற வீடியோ ஏதாவது சிக்கும்.