பழைய செபங்கள்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

நான் குருவானவர் இல்லை, மறைக்கல்வி எடுப்பவன். செபமாலை, நவநாள் (ஒன்பது நாள் செபம்), மனஸ்தாப மந்திரம் (பாவங்களுக்கு வருந்திச் சொல்லும் செபம்) என்று மரபுச் செபங்களைப் பற்றி வந்த கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அண்ணா, பிதற்ற வேண்டாம் என்று இயேசுவே சொல்லியிருக்கிறாரே (மத்தேயு 6:7). அப்படியிருக்க, ஐம்பது முறை அருள் நிறைந்த மரியே சொல்வது எப்படிச் சரி? பிரிவினை சபை நண்பர் கேட்கிறார், பதில் சொல்லத் தெரியவில்லை.

அந்த வசனத்தை நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். மிகுதியான வார்த்தைகளால்தான் கடவுள் செவிசாய்ப்பார் என்ற நினைப்பைத்தான் அவர் கண்டிக்கிறார், திரும்பச் சொல்வதை அல்ல. கெத்சமனித் தோட்டத்தில் அவரே மூன்றாம் முறையும் அதே வார்த்தைகளைச் சொல்லி வேண்டினார் என்று அதே மத்தேயு எழுதுகிறார் (26:44). திருப்பாடல் 136-ஐ எடுத்தால் அதன் 26 வசனங்களிலும் கடவுளின் பேரன்பைப் பற்றிய அதே வரி திரும்பத் திரும்ப வருகிறது, அதையும் பிதற்றல் என்று யாரும் சொல்வதில்லை.

அப்புறம், அருள் நிறைந்த மரியேயின் முதல் பாதி முழுக்க லூக்கா நற்செய்தி. வானதூதர் சொன்னது 1:28-இல், எலிசபெத்து சொன்னது 1:42-இல் இருக்கிறது. "அர்ச்சிஷ்ட மரியாயே" என்று தொடங்கும் வேண்டுதல் பிறகு சேர்ந்தது. இன்று நாம் சொல்லும் வடிவம் 1568-இல் திருத்தந்தை ஐந்தாம் பத்திநாதர் வெளியிட்ட திருப்புகழ்மாலையில் (குருக்களின் செபநூலில்) இடம்பெற்று நிலைத்தது. செபமாலையில் உதடு மரியாவை வாழ்த்திக்கொண்டிருக்கும்போது மனம் இயேசுவின் வாழ்வைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அதுதான் அதன் அமைப்பு. தேவ இரகசியங்களை, அதாவது ஒவ்வொரு பத்திலும் தியானிக்க வேண்டிய நிகழ்வுகளை விட்டுவிட்டு மணிகளை மட்டும் உருட்டினால் உங்கள் நண்பர் கேட்பது நியாயமாகிவிடும், அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கேள்வி: செபமாலையில் இரண்டாவது பத்து மணிகளைச் சொல்லி முடிப்பதற்குள் மனம் எங்கோ போய்விடுகிறது. இப்படிச் சொல்வதற்குச் சொல்லாமலே இருக்கலாமோ?

கூடாது சகோதரி, விட்டுவிடாதீர்கள். குழந்தை இயேசுவின் தெரசாவுக்கே தனியாகச் செபமாலை சொல்வது பெரும்பாடாக இருந்தது, அந்தத் தேவ இரகசியங்களில் மனதை நிறுத்த முடியவில்லை என்று வருந்தி எழுதியிருக்கிறார். மனம் மிகவும் வறண்டுபோன நேரங்களில் ஒரே ஒரு பரலோக மந்திரத்தையும் ஒரு அருள் நிறைந்த மரியேயையும் மிக மெதுவாகச் சொல்வார், அது தன் ஆன்மாவுக்கு உணவானது என்கிறார். திருச்சபையின் மறைவல்லுநர் ஒருவரே இப்படிச் சொல்லியிருக்கும்போது நாம் ஏன் கலங்க வேண்டும்?

புனித தாமஸ் அக்குவினாஸ் இதை இன்னும் தெளிவாகப் பிரிக்கிறார். வார்த்தையில் கவனம், பொருளில் கவனம், கடவுள்மீதே கவனம் என்று மூன்று வகை, அதில் கடைசியானதுதான் முக்கியம், எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அது முடியும். செபிக்க வேண்டும் என்ற உண்மையான எண்ணத்தோடு தொடங்கியவருக்கு, தன்னை அறியாமல் மனம் அலைவதால் செபத்தின் பேறு போய்விடுவதில்லை. வேண்டுமென்றே அலையவிடுவது வேறு. ஐந்து பத்தும் முடியாத நாளில் ஒரு பத்து மட்டும் நிதானமாகச் சொல்லுங்கள்.

கேள்வி: "இந்தச் செபத்தை ஒன்பது பேருக்கு அனுப்பு, இல்லையென்றால் கெட்டது நடக்கும்" என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?

உடனே அழித்துவிடுங்கள். அது செபமே இல்லை, மூடநம்பிக்கை. உள்ளத்தின் மனநிலையை விட்டுவிட்டு, சொல்வதாலோ செய்வதாலோ மட்டும் பலன் வரும் என்று நம்புவது மூடநம்பிக்கை என்று திருச்சபையின் மறைக்கல்வி நூல் (எண் 2111) நேராகவே சொல்கிறது. நம் செபங்களுக்கும் மந்திரவாதத்துக்கும் உள்ள வேறுபாடே இதுதான்: மந்திரவாதி சக்தியைத் தன் பிடிக்குள் கொண்டுவரப் பார்க்கிறான், செபிக்கிறவர் தன்னைத் தந்தையின் கையில் கொடுக்கிறார்.

கேள்வி: அதிதூதர் மிக்கேல் செபம் பேயை ஓட்டுமா?

திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1886-இல் திருப்பலிக்குப் பின் சொல்லும்படி சேர்த்த செபம் அது. 1994-இல் இரண்டாம் யோவான் பவுலும், 2018-இல் பிரான்சிஸும் அதைச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார்கள். தாராளமாகச் சொல்லுங்கள், ஆனால் அதன் வரிகளைக் கவனியுங்கள். மிக்கேல் தன் சொந்தப் பலத்தால் எதையும் செய்வதாக அதில் இல்லை, "கடவுளின் வல்லமையால்" என்றுதான் வருகிறது. சோதனை வரும் நேரத்தில் இதைச் சொல்லிவிட்டு, சோதனை வரும் இடத்திலேயே உட்கார்ந்திருக்கவும் கூடாது.

கேள்வி: "அமைதியின் கருவியாய் என்னை மாற்றும்" என்ற செபம் புனித பிரான்சிஸ் அசிசியார் எழுதியதா?

இல்லை. 1912-இல் ஒரு பிரெஞ்சு இதழில் ஆசிரியர் பெயர் இல்லாமல் வந்தது. அதனால் செபத்தின் அழகு குறையவில்லை, தொடர்ந்து சொல்லுங்கள்.

கேள்வி: அம்மா உடல்நிலை சரியில்லாதபோது குடும்பமாக உட்கார்ந்து தினமும் செபமாலை சொன்னோம், "மிகவும் இரக்கமுள்ள தாயே" செபமும் சொன்னோம். "ஒருவராகிலும் கைவிடப்பட்டதாக உலகில் சொல்லக் கேள்விப்பட்டதில்லை" என்று அதில் வருகிறது. அம்மா இறந்துவிட்டார். எங்களை மட்டும் ஏன் கைவிட்டார்?

தம்பி, இந்த வலிக்கு என்னிடம் மருந்தாக ஒரு வாக்கியம் இல்லை. ஆனாலும் நான் முழுதாக நம்புவதைச் சொல்கிறேன். துன்பக்கிண்ணம் அகல வேண்டும் என்று இயேசு கண்ணீரோடு கேட்டார், அது அகலவில்லை. அப்படியிருந்தும் எபிரேயர் 5:7 தந்தை அவருக்குச் செவிசாய்த்தார் என்கிறது. எப்படி? சாவுக்கு இந்தப் பக்கம் அல்ல, அதைத் தாண்டி உயிர்ப்பில்.

நீங்கள் அத்தனை நாளும் ஒவ்வொரு மணியிலும் "இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும்" என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். அந்த நேரம் அம்மாவுக்கு வந்தபோது அவர் தனியாக இல்லை, உங்கள் குடும்பமே சொல்லிவைத்த வேண்டுதல் அவருடன் இருந்தது. அது வீண்போனதாக நான் ஒருபோதும் நினைக்கமாட்டேன். இப்போது செபிக்க வார்த்தை வரவில்லையென்றால் கோபத்தையே கடவுளிடம் சொல்லுங்கள், திருப்பாடல் 88 முழுக்க அப்படித்தான் இருக்கிறது, இருளிலேயே முடியும். அவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுங்கள், "நித்திய இளைப்பாற்றி" சொல்லுங்கள். அம்மாவுக்காக இன்னும் செய்வதற்கு உங்களுக்கு இருக்கிறது.

கேள்வி: பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவது) செய்ய உடனே வழியில்லை. உத்தம மனஸ்தாப மந்திரம் சொன்னால் போதுமா?

தண்டனைக்குப் பயந்து மட்டும் அல்லாமல், எல்லாவற்றுக்கும் மேலாகக் கடவுளை நேசிப்பதால் வருகிற துக்கம் என்றால் சாவான பாவமும் மன்னிக்கப்படும், ஆனால் கூடிய சீக்கிரம் பாவசங்கீர்த்தனம் செய்வேன் என்ற உறுதியும் அதோடு இருக்க வேண்டும். மந்திரத்தை ஒப்பித்துவிட்டு குருவிடம் போவதைத் தள்ளிப்போடுவது இதில் சேராது.

கேள்வி: ஒன்பது நாள் நவநாளில் ஒரு நாள் விட்டுப்போனது. முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

வேண்டாம். விண்ணேற்றத்துக்குப் பின் தூய ஆவிக்காகத் திருத்தூதர்களும் மரியாவும் ஒன்றாகக் காத்திருந்து செபித்த நாட்களை நினைத்துத்தான் இந்த ஒன்பது. விட்டுப்போன நாளுக்குரியதையும் இன்று சேர்த்துச் சொல்லிவிட்டுத் தொடருங்கள்.