லிபெர்டாங்கோவுக்குக் கால் ஏன் தடுமாறுகிறது?

கேள்வி: நடன வகுப்பில் டாங்கோ கற்கிறேன். அர்ஜென்டினா இசையமைப்பாளர் பியாசோலாவின் 'லிபெர்டாங்கோ'வும் கோட்டான் ப்ராஜெக்ட் குழுவின் பாடல்களும் மிகவும் பிடிக்கும். கோட்டானுக்கு ஆட வருகிறது; லிபெர்டாங்கோவுக்கு அடி தவறுகிறது. ஆசிரியர் கேட்கச் சொல்லும் பழைய பதிவுகளோ எல்லாம் ஒரே மாதிரி ஒலிக்கின்றன. எதை எந்த வரிசையில் கேட்பது?

பதில்: குறை உங்கள் காலில் இல்லை, காதின் பழக்கத்தில் இருக்கிறது. பழைய டாங்கோ குழுக்களில் பொதுவாக டிரம்ஸ் கிடையாது. பந்தோனியோன்கள் (விரித்து மூடி வாசிக்கும் துருத்தி வாத்தியங்கள்), வயலின்கள், ஒரு பியானோ, ஒரு டபுள் பாஸ். தாளத்தையும் இவைதான் தாங்க வேண்டும். 2001-இல் முதல் ஆல்பத்தை வெளியிட்ட பாரிஸ் குழுவான கோட்டான் ப்ராஜெக்ட் இதன்மேல் மின்னணுத் தாளத்தை ஏற்றியது. நீங்கள் அதைப் பிடித்துக்கொண்டு ஆடுகிறீர்கள். பழைய பதிவிலும் காது அதையே தேடுகிறது. கிடைக்காததால் எல்லாம் ஒன்றுபோல் தோன்றுகின்றன.

லிபெர்டாங்கோவின் (1974) சிக்கல் வேறு. ஒரு சுற்றில் எட்டுச் சிறு எண்ணிக்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். நடன டாங்கோ அதை இரண்டிரண்டாகப் பகுக்கும். பியாசோலா மூன்று, மூன்று, இரண்டு என்று பகுத்தார். 'தகிட தகிட தக' என்று வாயால் சொல்லிக்கொண்டே கேளுங்கள், உடனே பிடிபடும். இசையின் அழுத்தம் 1, 4, 7-இல் விழுகிறது. உங்கள் கால் 1, 3, 5, 7-இல் விழுகிறது. தடுமாறாமல் என்ன செய்யும்? இந்தப் பகுப்பு டாங்கோவுக்கு நெருங்கிய உறவான மிலோங்கா இசையில் முன்பே உண்டு. அதை முழு இசைக்கும் முதுகெலும்பாக்கியதுதான் பியாசோலாவின் துணிச்சல். 1955-இல் பியூனஸ் அயர்ஸில் தன் எட்டுப்பேர் குழுவில் அவர் மின்கித்தாரைச் சேர்த்தபோது, இது டாங்கோவே அல்ல என்று பழைய ரசிகர்கள் கொதித்தார்கள். ஆடுபவர்கள் பக்கம் கொஞ்சம் நியாயம் உண்டு. அவர் எழுதியது உட்கார்ந்து கேட்பதற்கு.

முதலில் பழைய டாங்கோ குழுத் தலைவர் ஹுவான் தாரியென்சோ 1930-களின் பின்பாதியில் பதிவுசெய்தவற்றைக் கேளுங்கள். மெட்டை விட்டுவிடுங்கள்; பியானோவின் இடக்கையும் பாஸும் நறுக்கு நறுக்கென்று வைக்கும் நான்கு அடிகளுக்கு அறையில் வெறுமனே நடங்கள். கொஞ்ச நாள் இதுவே போதும்.

அடுத்து இன்னொரு குழுத் தலைவர், ஒஸ்வால்தோ புலியேசே. நவீன டாங்கோவுக்குப் பாலம் இவர்தான் என்பேன். அவருடைய 'லா யும்பா'வின் 1946 பதிவில், நான்கு அடிகளில் ஒன்றும் மூன்றும் இடிபோல் இறங்கும். இரண்டும் நான்கும் கீழ்ஸ்தாயியில் ஓர் உறுமலோடு அடங்கிவிடும். பாஸ் வாசிப்பவர் தன் வில்லை அடிக்குச் சற்று முன்னரே இழுத்து, அந்த இழுவையோடு அடியில் வந்து விழுவதைக் கவனியுங்கள். பிறகு அதே குழு வேகத்தைத் தளர்த்தி, கிட்டத்தட்ட நின்றுவிட்டு, மீண்டும் கிளம்பும். டிரம்ஸ் இருந்தால் இந்த நெகிழ்வுக்கு இடம் ஏது?

அதன் பிறகு, 1960-இல் பியாசோலா தொடங்கிய ஐவர் குழுவுக்கு வாருங்கள். புலியேசேயிடம் கேட்ட இழுவையும் இடியும் அங்கே அடையாளம் தெரியும். இந்த நூற்றாண்டுக் குழுக்களில் ஓர்கெஸ்தா திபிகா ஃபெர்னாந்தெஸ் ஃபியெரோவைச் சொல்வேன்: பழைய வாத்தியங்கள், ராக் இசையின் முரட்டுத்தனம். கோட்டானை விட எனக்கு இவர்களே நெருக்கம்.

அதுவரை வகுப்பில் லிபெர்டாங்கோ ஒலித்தால் அழுத்தங்களைத் துரத்தாதீர்கள். எட்டு எண்ணிக்கையில் ஒன்றிலும் ஐந்திலும் மட்டும் மெதுவாகக் கால் வையுங்கள். அது நிலைத்த பிறகு, ஏதாவது ஒரு சுற்றில் மட்டும் 1, 4, 7-இல் வைத்துப் பாருங்கள். துணைக்கு ஆடுபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.