எண்ணெயே தொடாதவருக்குக் கல்லீரலில் கொழுப்பு எப்படி வந்தது?

கேள்வி: ஐயா, ஸ்கேனில் 'ஃபேட்டி லிவர், கிரேடு 1' என்று வந்திருக்கிறது. நான் ஒல்லியான ஆள். பொரித்ததையும் நெய்யையும் தொட்டு இரண்டு வருடம் ஆகிறது, குடிப்பழக்கம் கிடையாது. சாப்பிடாத கொழுப்பு கல்லீரலுக்குள் எப்படிப் போனது? (வாசகர், திருப்பூர்)

பதில்: இரண்டு வருடம் நாக்கைக் கட்டியவருக்கு இப்படி ஒரு ரிப்போர்ட் வந்தால் மனசு விட்டுப்போகும்தான். ஆனால் கொழுப்பு தட்டிலிருந்து மட்டும் வருவதில்லை, கல்லீரலே அதைத் தயாரிக்கும். சோறு, இட்லி, சர்க்கரை போட்ட காபி எல்லாமே அதற்குக் கச்சாப் பொருள். 2005-ல் வெளியான ஓர் ஆய்வில், கல்லீரலில் சேர்ந்திருந்த கொழுப்பு எங்கிருந்து வந்தது என்று தடம் பிடித்துப் பார்த்தார்கள். சுமார் 59 சதவீதம் உடம்பின் கொழுப்புத் திசுக்களிலிருந்து ரத்தம் வழியாக வந்தது, 26 சதவீதம் கல்லீரல் புதிதாகச் செய்தது, சாப்பாட்டுக் கொழுப்பிலிருந்து வந்தது 15 சதவீதம்தான். அவர்கள் உடல் பருமன் உள்ளவர்கள், உங்கள் கணக்கு கொஞ்சம் மாறலாம். ஆனாலும் எண்ணெயை மட்டும் குறைத்தால் ஏன் போதவில்லை என்பது இதிலேயே தெரிகிறது.

இந்தத் தயாரிப்பை நிறுத்தச் சொல்லும் நொதி ஒன்று கல்லீரல் செல்லுக்குள் இருக்கிறது. பெயர் ஏ.எம்.பி.கே. செல்லில் சக்தி எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பதே அதன் வேலை. செல்லின் கைக்காசு அடினோசின் என்ற மூலக்கூறு. மூன்று பாஸ்பேட் ஒட்டியிருந்தால் முழுக் காசு, செலவானால் இரண்டு பாஸ்பேட், ரொம்ப நெருக்கடியில் ஒன்று. (ஆங்கிலச் சுருக்கத்தைத் தமிழில் எழுதினால் மூன்றும் இரண்டும் ஒரே மாதிரி 'ஏ.டி.பி.' என்று விழுந்துவிடும், அதனால் எண்ணிக்கையைச் சொல்லியே எழுதுகிறேன்.) சக்தி குறையும்போது செல் இரண்டு பாஸ்பேட் மூலக்கூறுகள் இரண்டைச் சேர்த்து ஒரு முழுக் காசைத் தேற்றிக்கொள்ளும், மீதியாக ஒற்றைப் பாஸ்பேட் ஒன்று விழும். மாதக் கடைசியில் அஞ்சறைப் பெட்டியில் சில்லறை தேட ஆரம்பித்தால் பீரோவில் நோட்டு இல்லை என்று தெரிந்துவிடும் இல்லையா, அப்படித்தான். முழுக் காசு கொஞ்சம் குறைந்தாலே ஒற்றைப் பாஸ்பேட் பல மடங்கு ஏறிவிடும். அது வந்து ஒட்டியதும் ஏ.எம்.பி.கே. விழித்துக்கொள்கிறது.

விழித்ததும் முதல் வேலையாக, கொழுப்புத் தயாரிப்பின் முதல் படியில் இருக்கும் அசிட்டைல் கோ-ஏ கார்பாக்சிலேஸ் என்ற நொதியின் மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டி அதை முடக்குகிறது. எனக்கு இதில் மிகப் பிடித்த இடம் இனிமேல்தான். அந்த நொதி செய்து கொடுக்கும் பொருளின் பெயர் மலோனைல் கோ-ஏ. அதுதான் புதுக் கொழுப்புக்குச் செங்கல், அதுவேதான் செல்லின் சக்தி உலையான மைட்டோகாண்டிரியாவுக்குள் கொழுப்பு எரியப் போகும் வாசலுக்குப் பூட்டும். தயாரிப்பு நடக்கும்வரை எரிப்பு நடக்காது. ஏ.எம்.பி.கே. அந்த ஒரு பொருளைக் குறைத்தால் தயாரிப்பும் நிற்கும், வாசலும் திறக்கும். உங்கள் பிரச்சினை, எந்நேரமும் மாவுச்சத்தும் சர்க்கரையும் வந்துகொண்டே இருந்தால் இன்சுலின், கொழுப்பைத் தயாரிக்கும் நொதிகளைப் பெருக்கிக்கொண்டே போகும், கல்லீரலுக்குக் கைக்காசு தட்டுப்பாடே வராது, பூட்டும் திறக்காது.

ஒல்லியாக இருந்தும் ஏன் என்கிறீர்கள். 2013-ல் ஒரு சோதனை. ஏ.எம்.பி.கே. பாஸ்பேட் ஒட்டும் அந்த ஒரே இடத்தை மட்டும் மரபணுவில் மாற்றி, தயாரிப்பை அதனால் முடக்க முடியாதபடி செய்த எலிகளை உருவாக்கினார்கள். அந்த எலிகள் குண்டாகவில்லை, சாதாரணத் தீனிதான் தின்றன. ஆனாலும் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்தது, இன்சுலினும் சரியாக வேலை செய்யவில்லை. எடை மெஷின் எல்லாவற்றையும் காட்டாது ஐயா. சர்க்கரை, மைதா, இனிப்புக் குடிபானம் இவற்றைக் குறையுங்கள், இடையில் கொறிப்பதை விடுங்கள், ரத்தச் சர்க்கரையும் ட்ரைகிளிசரைடும் ஒரு முறை பாருங்கள்.

கேள்வி: அம்மா சுகருக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். அது இந்த நொதியைத் தூண்டுமாமே, ஃபேட்டி லிவருக்கு நானும் சாப்பிடலாமா? 'ஏ.எம்.பி.கே. தூண்டி' என்று கேப்ஸ்யூலும் விற்கிறார்களே? (வாசகி, மதுரை)

பதில்: தயவுசெய்து அம்மாவின் மாத்திரையை எடுக்காதீர்கள். மெட்ஃபார்மின் மைட்டோகாண்டிரியாவில் சக்தி உற்பத்தியைக் கொஞ்சம் மட்டுப்படுத்துகிறது, அதனால் நொதி விழிக்கிறது. 2001-ல் கல்லீரல் செல்களில் இதைக் காட்டினார்கள். ஆனால் 2010-ல், கல்லீரலில் இந்த நொதியே இல்லாத எலிகளிலும் மெட்ஃபார்மின் சர்க்கரையைக் குறைத்தது. அப்போதிலிருந்து கதை சிக்கல்தான். நடைமுறையில், சுகர் இல்லாமல் ஃபேட்டி லிவருக்கு மட்டும் அதைக் கொடுக்கச் சிகிச்சை வழிகாட்டிகள் சொல்வதில்லை.

கேப்ஸ்யூல் பற்றி ஒரு விஷயம். உடம்பு முழுக்க இந்த நொதியை நேரடியாகத் தூண்டும் ஒரு மருந்தை 2017-ல் குரங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை நன்றாகக் குறைந்தது, ஆனால் இதயம் பெருத்தது, அதில் கிளைக்கோஜன், அதாவது உடம்பு சேமித்து வைக்கும் சர்க்கரை, சேர்ந்தது. கல்லீரலுக்கு நல்லது இதயத்துக்கும் நல்லதாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. விளம்பரத்தில் இது இருக்காது.

கேள்வி: நடந்தால் கால் சதைதானே உழைக்கிறது, கல்லீரலுக்கு என்ன லாபம்? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: கல்லீரலும் உழைக்கிறது. நீங்கள் நடக்கும்போது சதை ரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுக்கும், அதைக் கல்லீரல் ஈடுகட்ட வேண்டும். புதிதாக ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு செய்ய ஆறு உயர்சக்தி பாஸ்பேட் செலவாகும், கைக்காசு கரையும், அப்புறம் மேலே சொன்ன கதைதான். எடை குறையாவிட்டாலும் தொடர்ந்த உடற்பயிற்சியால் கல்லீரல் கொழுப்பு குறைகிறது என்று மனிதர்களிலேயே பார்த்திருக்கிறார்கள். நடந்து முடித்ததும் வழியில் சர்க்கரை போட்ட ஜூஸ் மட்டும் வேண்டாம். இன்சுலினோ சுகர் மாத்திரையோ எடுப்பவர் என்றால் வெறும் வயிற்றில் நீண்ட தூரம் நடப்பதற்கு முன் உங்கள் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.