உதவிப் பயிற்சியாளராகப் போகிறேன் என்கிறான்

கேள்வி: என் மகன் கல்லூரி அணியில் நான்கு ஆண்டுகள் பேஸ்பால் ஆடி, இந்த மே மாதம் கணினிப் பட்டமும் பெறுகிறான். வேலைக்குப் போகாமல், கல்லூரி விளையாட்டில் இரண்டாம் பிரிவில் ஆடும் கல்லூரி ஒன்றில் முதுகலை படித்தபடி உதவிப் பயிற்சியாளராக இருக்கப்போகிறானாம். கட்டணம் இல்லை; கையில் தருவது வாடகைக்கே போதாது. இதுவும் ஒரு தொழிலா? – வாசகி, ஹூஸ்டன்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, தொழில்தான், ஆனால் ஒமாஹா நகரில் நடக்கும் கல்லூரி பேஸ்பால் தேசிய இறுதிச்சுற்றைத் தொலைக்காட்சியில் பார்த்து அதை எடைபோடாதீர்கள். தலைமைப் பயிற்சியாளர்களில் சிலர் ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் வாங்குவது உண்மையே என்றாலும், லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு ஐந்து தேசியப் பட்டங்கள் வென்றுதந்த ஸ்கிப் பெர்ட்மன், பள்ளிப் பயிற்சியாளராகவும் மயாமி பல்கலைக்கழகத்தில் துணைப் பயிற்சியாளராகவும் ஆண்டுக்கணக்கில் உழைத்த பிறகு, 45 வயதில்தான் அப்பொறுப்புக்கு வந்தார். முதல் பிரிவு அணிகளிலேயே 2023 வரை உதவியாளர்களில் ஒருவர் ‘தன்னார்வலர்’ என்ற பெயரில் சம்பளமின்றி முழுநேரமும் உழைத்து, கோடைக்காலச் சிறுவர் முகாம்களில் கிடைத்ததைக் கொண்டு காலம் தள்ளினார். அந்த வழக்கம் ஒழிந்தது நல்லதாயிற்று. தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளர் ராட் டெடோ நெடுங்காலம் ஆண்டுக்கு ஒரு டாலர் என்ற பெயரளவுச் சம்பளத்துக்கே பணிபுரிந்தார். அவருக்குச் சொந்தமாக லாரி நிறுவனம் இருந்தது, உங்கள் மகனுக்கு இல்லை.

சிறிய கல்லூரியில் ஆட்ட நாள் காலையில் மைதானத்து மண்ணைச் சமன்படுத்தித் தண்ணீர் தெளிப்பவரும், மழை வந்தால் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடுபவரும் பெரும்பாலும் உதவிப் பயிற்சியாளர்தான். தடுப்பு வலைக்குப் பின்னால் நின்று மட்டையாளர்களுக்கு நூற்றுக்கணக்கில் பந்து எறிந்துவிட்டு, ஃபங்கோ என்னும் மெலிந்த மட்டையால் தரையோடு பந்துகளை அடித்துத் தடுப்பாளர்களைப் பழக்குவார். இவை உங்கள் மகனுக்குப் பழகிய காட்சிகள். கோடை முழுவதும் ஊர் ஊராகப் போய்ப் பதினாறு வயதுப் பையன்களின் ஆட்டத்தைப் பார்த்து, அவர்களின் பெற்றோரிடம் பேசி ஆள் சேர்ப்பது பழகாதது. வேலையில் பெரும்பங்கு அதுதான். ஆட்டத்தை நேசிப்பவர்களில் பலருக்கு அது பிடிப்பதில்லை என்பதால், முதலில் அதைப் பற்றியே அவனிடம் பேசுங்கள். ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளர் மைக் மார்ட்டின் 1980 முதல் 2019 வரை 2,029 ஆட்டங்களை வென்று, 17 முறை அணியை ஒமாஹாவுக்கு அழைத்துச் சென்றும் ஒரு தேசியப் பட்டம்கூடக் கிடைக்காமல் ஓய்வுபெற்றார். அந்த வாழ்க்கையை நிறைவானதாக அவன் கருதுகிறானா என்றும் கேட்டுப் பாருங்கள்.

என் கருத்தில், இரண்டாண்டுகள் அவனை விடலாம். முதுகலைப் பட்டம் கையில் நிற்கும். 26 வயது வரை உங்கள் மருத்துவக் காப்பீட்டிலேயே அவன் இருக்கவும் முடியும். ஆனால் சேர்வதற்கு முன், இதற்கு முன்பு அந்த இடத்தில் இருந்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று அந்தத் தலைமைப் பயிற்சியாளரிடமே அவன் கேட்கட்டும். அவர் பதில் சொல்லத் தயங்கினால் வேறு கல்லூரி பார்ப்பது நல்லது.