சொத்தையெல்லாம் வாரிக் கொடுத்துவிட்டால் குலத்தலைவரின் அதிகாரம் போய்விடாதா?

வாரிக் கொடுக்கும் தலைவரை வைத்துக் கற்பனைப் பழங்குடி ஒன்றைப் படைக்கிறேன் என்கிறீர்கள்; கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் அதிகாரம் போகாது. கனடாவின் பசிபிக் கரையில் வாழும் குவாக்வாக்கவாக்கு மக்களின் ‘பொட்லாட்ச்’ விருந்தைப் பாருங்கள். பட்டப்பெயர் ஏற்கும் தலைவர் ஊரைக் கூட்டிப் போர்வைகளை அடுக்கடுக்காகக் கொடுப்பார். வாங்கிக்கொண்டவர் அந்தப் பட்டத்துக்குச் சாட்சி. சும்மா வாங்கிவிட்டுப் போக முடியாது. பிற்பாடு அவரும் விருந்து வைத்தாக வேண்டும்.

குலத்தின் நிஜச் சொத்து போர்வை அல்ல. பட்டப்பெயர், குலச்சின்னம், இன்ன நடனத்தை ஆடும் உரிமை, இவைதான். இந்த விருந்துகளில் கைமாறும் கேடய வடிவச் செம்புத் தகடுகள் ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயரே உண்டு. கைமாறக் கைமாற மதிப்பு ஏறும்.

கனடா அரசு 1885 முதல் 1951 வரை பொட்லாட்ச் விருந்தைத் தடை செய்தது. 1921-இல் நடந்த ஒரு விருந்துக்காகச் சிலரைச் சிறையிலேயே போட்டது. கொடுத்ததற்காகச் சிறை!