ஒரு வாரமாக எழாத ஆல்பட்ராஸ் பட்டினியா கிடக்கிறது?

ஆல்பட்ராஸ் ஒரு பெரிய கடற்பறவை. நியூசிலாந்தில் அதன் கூடு ஒன்றை நேரலைக் கேமராவில் தினமும் பார்க்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: “ஏழு நாளாக ஒரே பறவைதான் முட்டைமேல் உட்கார்ந்திருக்கிறது. ஒரு வாய் தீனி இல்லை. ஜோடி செத்துப்போயிருக்குமோ? அங்கே யாருக்காவது எழுதிச் சொல்லட்டுமா?”

எழுத வேண்டாம். பட்டினிதான், ஆனால் அது வாடிக் கிடக்கவில்லை. கடலில் தின்று கொழுப்பாகச் சேர்த்துக்கொண்டு வந்ததைத்தான் இப்போது கரைக்கிறது. அசையாமல் இருந்தால் செலவும் குறைவு.

வீட்டு அடைக்கோழி நாளுக்கு ஒருமுறை எழுந்து, நாலு கொத்து கொத்திவிட்டு ஓடி வந்துவிடும். அதன் தீனி முற்றத்திலேயே இருக்கிறது. டனீடின் நகருக்கு அருகே தையரோவா முனையில் கூடு கட்டும் வடக்கு ராயல் ஆல்பட்ராஸுக்கோ கணவாய் தேடக் கடலில் வெகுதூரம் போக வேண்டும். போய்வருவதற்குள் முட்டை சில்லிட்டுவிடும். அதனால்தான் முறை வைத்துக்கொள்கின்றன: ஒன்று அடைகாக்கும், மற்றது மேயும். கிட்டத்தட்ட 11 வாரம் இப்படியே ஓடும். ஒரு முறை இரண்டு மூன்று நாளில் முடியலாம், ஒரு வாரத்தையும் தாண்டலாம். கடலில் இரை எங்கே கிடைத்தது, காற்று எப்படி வீசியது என்பதைப் பொறுத்தது.

ஹவாய்ப் பக்கத்து லேசன் ஆல்பட்ராஸைப் பார்த்தால் ஏழு நாள் ஒன்றுமே இல்லை. அங்கே பெண் முட்டையிட்டதும் கடலுக்குப் போய்விடும். முதல் நீண்ட முறை ஆணுடையது, ஏறத்தாழ மூன்று வாரம். முட்டைக்கே தன் சேமிப்பைக் கொட்டிய பெண்ணால் உடனே இன்னொரு பட்டினியைத் தாங்குவது கடினம். ஓஹு தீவின் காஏனா முனையில் 31 சதவீத ஜோடிகள் பெண்ணும் பெண்ணுமாகச் சேர்ந்தவை என்று 2008-இல் தெரியவந்தது. அந்தக் கூடுகளில் பொரியும் முட்டை குறைவு. முட்டையிட்ட கையோடு ஒரு பெண்ணே நீண்ட முறையையும் சுமக்க வேண்டியிருப்பது அதற்கு ஒரு காரணம்.

இனி நீங்கள் செய்யக்கூடியது. தையரோவா பறவைகளின் காலில் வண்ண வளையங்கள் உண்டு. முட்டையைத் திருப்புவதற்காகப் பறவை லேசாக எழும் நொடியில் அந்த வண்ணங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். நீங்கள் தூங்கும் நேரத்தில் ஆள் மாறியிருந்தாலும் தெரியாது. ஏழு நாளும் ஒரே பறவைதானா என்பதே முதலில் சந்தேகம்.

முறை மாறும் காட்சி கிடைத்தால் விடாமல் பாருங்கள். வந்த பறவை தள்ளாடி நடந்து வந்து அலகை அலகோடு உரசும், கழுத்து இறகைக் கோதும். உட்கார்ந்திருப்பது உடனே எழாது; எனக்கு மிகப் பிடித்த தயக்கம் அது. எழுந்ததும் மற்றது முட்டையை ஒட்டி நுழைந்து, வயிற்றில் இறகு உதிர்ந்து வெறும் தோலாக இருக்கும் இடத்தில் முட்டை படும்படி அசைந்து அசைந்து அமரும். அந்தத் தோலின் சூடுதான் குஞ்சை வளர்க்கிறது.

கவலைப்பட வேண்டியது எப்போது? அடைகாப்பது முட்டையைத் தனியே விட்டுவிட்டு வெகுநேரம் திரும்பாவிட்டால். ஜோடி வரத் தாமதமாகி, கொழுப்பு ஒரு மட்டத்துக்குக் கீழே இறங்கினால், தன் உயிரைக் காத்துக்கொள்ள அது கிளம்பத்தான் செய்யும். பல பத்தாண்டு வாழும் பறவைக்கு அடுத்த முட்டைக்கு வாய்ப்புண்டு. ஆனால் ஒரு பருவத்துக்கு ஒரே முட்டைதான், போனால் அந்தப் பருவம் போயிற்று. தையரோவாவில் வனக்காப்பாளர்கள் கூடுகளைக் கவனித்தபடியே இருக்கிறார்கள். உங்களுக்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

ஜனவரி கடைசியில் ஒரு காப்பாளர் முட்டையை எடுத்துக்கொண்டு போவதைக் கண்டால் பதறாதீர்கள். பொரியும் தறுவாயில் ஈக்கள் மொய்த்து முட்டையிட்டால் குஞ்சு செத்துவிடும். அதனால் நிஜ முட்டையை அடைகாப்புப் பெட்டியில் பொரிக்கவைத்து, கூட்டில் பொய் முட்டையை வைப்பார்கள். குஞ்சு வெளிவந்ததும் தாயோ தகப்பனோ, அன்று யார் முறையோ, அதன் அடியில் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள்.